ஆமென் சொல்லாதவன்

அன்புள்ள அக்கா,

இவ்வளவு காலம் நான் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். நீ போன நாளிலிருந்து உன்னைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. உன் அடக்க ஆராதனையில் போதகர் என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னபோது தலையை ஆட்டி மறுத்தேன். துக்கம் தாங்கவில்லை என்று எல்லோரும் எண்ணிக்கொண்டார்கள். வாயைத் திறந்திருந்தால், முன்வரிசையில் கைகட்டி நின்ற ஜெபக்குழுத் தலைவர் கண்டாக்கு ஐயாவைப் பார்த்து என்ன கேட்டிருப்பேன் என்று எனக்குத்தான் தெரியும். உன் பெட்டிக்கு முன்னால் அதைக் கேட்க வேண்டாம் என்று பேசாமல் இருந்தேன். பிறகு அதுவே பழகிவிட்டது.

இந்தக் கடிதத்தை நம் சபையின் மாதப் பத்திரிகைக்கும் அனுப்பப் போகிறேன். போடுவார்களோ, மாட்டார்களோ. அதில் வரும் அஞ்சலிகளில் எல்லோரும் புன்னகையோடுதான் சாகிறார்கள். நீ அப்படிச் சாகவில்லை.

முதலில் ஊர்ச் செய்தி. நான் எப்போது வந்தாலும் செருப்பைக் கழற்றும் முன்பே நீ அதைத்தானே கேட்பாய்? தேயிலைத் தோட்டத்து லய வரிசையில் உன் ஒற்றை அறைக் காம்பராவைப் புதிதாகக் கல்யாணமான ஒரு சோடிக்குக் கொடுத்திருக்கிறார்கள். கதவுக்கு நீலப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். பின்பக்கம் நீ ஏற்றிவிட்ட சௌசௌக் கொடி கூரைமேல் போய்விட்டது. பறிக்க ஆளில்லாமல் காய் முற்றிக் கிடக்கிறது. மேல்மலையில் பாதி காடாகிவிட்டது. பிள்ளைகளெல்லாம் கொழும்பில் கடைகளில் நிற்கிறார்கள்.

நான் அதே ஹட்டனில், அதே இரும்புக்கடை மேல்மாடியில், அதே பள்ளிக்கூடத்து வாத்தியாராக இருக்கிறேன். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பேச ஆள் கிடையாது. நானும் தேடவில்லை. என் குணம் உனக்குத் தெரியும். என்னை மேலே வரவிடாத பள்ளிக்கூட அதிபர், கூட்டத்தில் என்னை எதிர்த்துப் பேசிய சபைச் செயலாளர், கல்யாணத்துக்குச் சொல்லாமல் விட்ட பழைய சிநேகிதன், எல்லோரும் அப்படியே இருக்கிறார்கள் எனக்குள். "நீ ஒவ்வொருத்தரையும் ஆணியடிச்சு மாட்டி வெச்சிருக்க தம்பி. செவுத்துல எடமே இல்ல" என்பாய். இன்னும் ஒரு ஆணிக்கு இடம் இருந்தது அக்கா.

பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர் என்கிறார்கள். மாஸ்டர் என்கிறார்கள். தம்பி என்று கூப்பிட இந்த உலகத்தில் யாரும் மிச்சமில்லை. அந்தச் சொல்லைக் கடைசியாகக் கேட்டது ஆஸ்பத்திரியில், உன் வாயிலிருந்து. "தம்பி, ஜன்னலச் சாத்து, குளிருது" என்றாய். ஜன்னல் சாத்தித்தான் இருந்தது. நான் எழுந்துபோய் ஒருமுறை திறந்து, மறுபடி சாத்திவிட்டு வந்தேன்.

அந்தச் சனிக்கிழமையைப் பற்றித்தான் எழுத வேண்டும். உனக்கு நினைவிருக்கும், வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

உனக்கு வயிற்றில் கட்டி என்று கண்டியில் கண்டுபிடித்து, மாதாமாதம் கிளினிக்குக்கு வரச்சொல்லியிருந்த காலம் அது. நான் உன்னைப் பார்க்க வந்திருந்தேன். மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. மஸ்கெலியாவிலிருந்து ஜெபக்குழு குடையும் பாட்டுப் புத்தகமுமாக மலையேறி வந்தது. முன்னால் கண்டாக்கு ஐயா.

தோட்டத்தைப் பார்த்திராதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். விடிந்ததும் பெரட்டுக்களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, நீ இந்த மலைக்குக் கொழுந்துக்குப் போ, நீ அந்த மலைக்குப் புல்லுவெட்டப் போ என்று வேலை பிரித்து அனுப்புகிறவர் கண்டாக்கு. வாழ்நாள் முழுவதும் அந்த வேலை செய்த குரல் அவருடையது. ஓய்வு பெற்றதும் அந்தக் குரலை அப்படியே ஜெபத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். கடவுளையும் பெரட்டில் நிறுத்தி வேலை பிரித்துக் கொடுப்பார். "ஆண்டவரே, இந்தக் கட்டியை இப்பொழுதே கரைத்துப் போடும். இந்த இரத்தத்தைச் சுத்திகரியும். இந்த மகளை எழுந்து நடக்கப் பண்ணும்." எதிர்ப்பேச்சுக்கு இடமே வைக்கமாட்டார்.

ஜெபிக்கும்போது அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளச் சொன்னார் இயேசு. லயத்தில் எந்தக் கதவைச் சாத்துவது? காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவில் இருக்கும் சுவர் கூரைவரை போவதில்லை. நீ இருமினால் நாலு காம்பரா தள்ளி, "சுடுதண்ணி வேணுமா?" என்று குரல் வரும். அன்று கண்டாக்கு ஐயாவின் ஜெபம் கடவுளுக்குப் போகிற வழியில் லயம் முழுவதற்கும் கேட்டது. உன் வயிற்றுக்குள் இருந்ததெல்லாம் எல்லோருக்கும் தெரிந்துபோனது. நீ கண்ணை மூடிக்கொண்டு போர்வையை இழுத்து இழுத்துக் காலை மூடிக்கொண்டிருந்தாய்.

முடிவில் அவர் உன் தலையில் கைவைத்தார். "இந்த மகள் சுகமானாள் என்று அறிவிக்கிறேன். விசுவாசிக்கிற எல்லாரும் ஒருமனமாய் ஆமென் சொல்லுங்கள்" என்றார். எல்லோரும் சொன்னார்கள். வாசலில் நின்ற பக்கத்துக் காம்பரா அம்மா, நெற்றி நிறையத் திருநீறோடு, அவர்கள் எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் என்றார். நீயும் சொன்னாய். நான் சொல்லவில்லை.

கண்டாக்கு ஐயா கண்ணைத் திறந்தார். "மாஸ்டர், நீங்களும் ஆமென் சொல்லுங்க" என்றார்.

"சொகமாகட்டும்னு கேளுங்க, சொல்றேன். சொகமாயிருச்சுன்னா அது எனக்குத் தெரியாதுங்க. தெரியாததுக்கு எப்படி ஆமென் சொல்றது?" என்றேன்.

தகரத்தில் விழுந்த மழைதான் கேட்டது. கண்டாக்கு ஐயாவின் மகள் மட்டும் எழுந்து, பிளேன்டீ குடித்த கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டு போய்ப் பின்பக்கம் கழுவ ஆரம்பித்தாள். என்னிடம் கணக்குப் படித்தவள். இப்போது மஸ்கெலியாவில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறாள்.

அவர்கள் இறங்கிப் போனதும் நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாயே, அது நினைவிருக்கிறதா?

"ஏன்டா, ஒரு ஆமென்தானே? சொல்லித் தொலைச்சா என்ன? பாவம், மழையில நனைஞ்சு ஏறி வந்திருக்காங்க."

"நீ சொன்னியே, மனசாரவா சொன்ன?"

"அவரு சத்தம் போடவும் எனக்குப் பெரட்டுல நிக்கிற மாதிரியே ஆகிப்போச்சு. எந்த மலைக்கு வெரட்டப் போறாரோன்னு பயந்துக்கிட்டே ஆமென்னுட்டேன்."

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புத்தான் அடிக்கடி வந்து என்னைக் கொல்கிறது.

அடுத்த ஞாயிறு உன்னை ஆலயத்தில் எழுப்பி நிறுத்திச் சாட்சி சொல்ல வைத்தார்கள். ஆண்டவர் எனக்குச் சுகம் தந்தார் என்று சொன்னாயாம். கைதட்டினார்களாம். நான் அங்கே இல்லை. அதன்பின் வந்த கிளினிக் நாளில் நீ கண்டிக்குப் போகவில்லை. அதற்கடுத்த மாதமும் போகவில்லை. ஃபோனில் கேட்டால் போய்வந்துவிட்டேன் என்றாய். உன்னைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டி வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. வேனில் உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஏன் போகவில்லை என்று கேட்டேன். நீ சொன்ன பதிலை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

"சொகமாயிருச்சுன்னு சர்ச்சுல எந்திரிச்சு சொல்லிட்டு, கிளினிக் பையத் தூக்கிக்கிட்டு ஹட்டன் பஸ்ஸுல எப்படிடா ஏறுறது? பஸ்ஸு முழுக்க நம்ம ஆளுங்க. கண்டாக்கு ஐயா அவரு மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெப்பாரு?"

பொய் சொல்லத் தெரியாத நீ, இன்னொருவர் ஜெபம் பொய்யாகிவிடக் கூடாது என்பதற்காக வீட்டில் இருந்தாய். இதை எந்த ஊரில் போய்ச் சொன்னால் புரியும்? நம் மலைகளில் புரியும். மெனக்கெட்டு வீடு தேடி வந்தவர்களுக்கு இல்லை என்று சொல்லத் தெரியாத சனம் நாம்.

கிளினிக்குக்குப் போயிருந்தாலும் பெரிதாக எதுவும் மாறியிருக்காது என்றார் டொக்டர். உண்மையாகச் சொன்னாரா, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாரா? யாரிடம் கேட்பது?

உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, வாசலில் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்து கண்டாக்கு ஐயா சொன்னார். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னார். "ஒருமனமா ஜெபிச்சிருக்கணும். அந்தக் காம்பராவுல ஒரு வாய் ஆமென் சொல்லல. நான் என்ன செய்ய?" அந்தப் பேச்சு பஸ்ஸேறி ஊரெல்லாம் போய்விட்டது. அதற்குப் பிறகு நான் ஆலயத்தில் கடைசி வாங்கில் உட்கார்ந்தால் பக்கத்தில் இடம் காலியாகவே இருக்கும். ஒருநாள் எழுந்து வந்தேன். திரும்பப் போகவில்லை.

ஜெபிப்பதையும் விட்டுவிட்டேன். நாத்திகனாகவில்லை, அதற்கும் ஒரு உற்சாகம் வேண்டும். கண்ணை மூடினால் கண்டாக்கு ஐயாவின் குரல்தான் கேட்டது. அந்தக் குரலில் நானும் எதையாவது கேட்டுவிடுவேனோ என்று அருவருப்பாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மணிச்சத்தம் கேட்கும்போது பிள்ளைகளின் கொப்பிகளை எடுத்துவைத்துத் திருத்துவேன். கீழே இரும்புக்கடை முதலாளி கல்லாவுக்குக் கற்பூரம் காட்டிவிட்டுத் தலையை நீட்டி, "என்ன சேர், ஒங்க சாமியோட இன்னும் சண்டைதானா?" என்பார். "பேச்சுவார்த்தை இல்லைங்க" என்பேன். சிரிப்பார். அந்தக் கேள்வியைக் கேட்கச் சபையிலிருந்து ஒருவரும் படியேறி வரவில்லை.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

போன மாதம் ஒரு பின்னேரம் முதலாளி கீழேயிருந்து கூப்பிட்டார். "சேர், ஒங்களப் பாக்க ஒரு பெரியவரு வந்திருக்காரு. ஏறுறதா எறங்குறதான்னு படியிலேயே நிக்கிறாரு." எட்டிப் பார்த்தேன். கண்டாக்கு ஐயா. கம்பளித் தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

உள்ளே வந்து உட்கார்ந்தார். நான் பிளேன்டீ ஊற்றவில்லை. துடைக்கத் துண்டும் எடுத்துக் கொடுக்கவில்லை. எழுதக் கூசுகிறது என்று சொன்னால் அது பொய். அந்த நேரத்தில் எனக்கு நன்றாகவே இருந்தது.

"மகளுக்குச் சொகமில்ல மாஸ்டர்" என்றார். "ஒங்க அக்காவுக்கு வந்த அதே சீக்கு. கண்டியில ஆப்பரேசன் செய்யணுங்கிறாங்க."

நான் மேசையில் கிடந்த கொப்பிகளை அடுக்கினேன்.

"எனக்கு ஜெபம் வரமாட்டேங்குது. முழங்கால் போடுறேன். வாயத் தெறக்குறேன். ஒண்ணும் வரல."

"ஒங்க குழு இருக்குதுங்களே. மலையேறி வந்து சத்தம் போடுறவங்க."

"அவங்ககிட்டச் சொன்னா மொதல்ல எங்க வீட்டுல என்ன பாவம்னு தேடுவாங்க." தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "தேடச் சொல்லிக் குடுத்ததே நான்தான்."

"அதுக்கு நான் என்ன செய்யணும்?"

"நீங்க வந்து ஜெபிக்கணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை. "நான் விசுவாசமில்லாதவனாச்சே. ஊரெல்லாம் சொன்னீங்களே."

"சொன்னேன்" என்றார். மறுக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அந்தக் காம்பராவுல அத்தன பேரும் எனக்காக ஆமென் சொன்னாங்க. எனக்கே அது நிச்சயமாத் தெரியாது மாஸ்டர். நானும் சொன்னேன். நீங்க ஒருத்தர்தான் தெரியாததுக்கு ஆமென் சொல்லல. இப்ப எனக்கு அப்படி ஒரு ஆளு வேணும்."

நான் வரமாட்டேன் என்று சொன்னேன் அக்கா. இரண்டு தடவை சொன்னேன். அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு எழுந்தார். சுவரைப் பிடித்துப் பிடித்துப் படி இறங்கினார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போகாமல் கடைவாசலிலேயே மழைக்கு ஒதுங்கி நின்றார். முதலாளிதான் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்.

என் இடத்தில் நீ இருந்திருந்தால் என்று நினைத்துப் பார்த்தேன். நீயாக இருந்தால் அவருக்கு முதலில் தலை துவட்டத் துண்டு கொடுத்திருப்பாய். பிறகு அவரை வைத்து ஒரு பகிடி விட்டிருப்பாய். என்னால் இரண்டும் முடியவில்லை.

அந்த வாரம் முழுவதும் ஆத்திரமாக இருந்தது. என்னை ஊரிலிருந்து தள்ளிவைத்த மனிதன், தனக்கு வந்ததும் என்னிடமே வருகிறான். வராமல் இருந்திருந்தால் நிம்மதியாக வெறுத்துக்கொண்டே இருந்திருப்பேன். சனிக்கிழமை மஸ்கெலியா பஸ்ஸில் ஏறினேன். எதற்கு ஏறினேன் என்று கேட்காதே. அவர் ஒடுங்கிப்போய் உட்கார்ந்திருப்பதை இன்னொருமுறை பார்க்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. அந்தப் பிள்ளை கிளாஸ் கழுவியதும் ஞாபகம் வந்தது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

பஸ் நீர்த்தேக்கத்தை ஒட்டி வளைந்து போகும்போது உன் தோட்டத்துக்குத் திரும்பும் முடக்கு வந்தது. ஒரு பெண் கையில் எக்ஸ்ரே உறையோடு ஏறினாள். அதைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். யாருக்கும் தெரியக் கூடாதாம். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கண்டாக்கு ஐயா வீட்டில் அந்தப் பிள்ளை கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பாதியாக இளைத்துப் போயிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"சேர், ஒங்களயும் இழுத்துக்கிட்டு வந்துட்டாரா அப்பா? நீங்களும் கத்தப் போறீங்களா?"

"எனக்குக் கத்த வராதும்மா. வகுப்புலயே கத்தினதில்ல."

"பொய் சொல்லாதீங்க சேர். பின்னத்துல பிழை விட்டதுக்கு நீங்க போட்ட சத்தம் பக்கத்து வகுப்புக்கும் கேட்டுச்சு."

கண்டாக்கு ஐயா சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். அந்த வீட்டில் அவருக்கு எங்கே நிற்பது என்று தெரியாதது போல் இருந்தது.

"என்னன்னு ஜெபிக்கணும், நீயே சொல்லு" என்று கேட்டேன். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டேன்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "சொகமாயிட்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்க சேர். ஒங்க அக்கா ஆமென் சொன்னப்ப போர்வையை இறுக்கிப் புடிச்சாங்களே, அந்தக் கைய நான் பாத்தேன்." மூச்சு வாங்கினாள். "எனக்குப் பயமா இருக்குன்னு ஆண்டவர்கிட்டச் சொல்லுங்க. ரொம்பப் பயமா இருக்குன்னு. அப்பா முன்னால என்னால அதச் சொல்ல முடியல. சொன்னா விசுவாசம் போயிருச்சுன்னு ஆயிரும்."

அக்கா, நானும் அன்று உன் கட்டிலருகேதான் நின்றேன். நீ ஆமென் சொன்ன நேரத்தில் உன் கையை நான் பார்க்கவில்லை. அவரை வெறித்துப் பார்ப்பதில்தான் என் கண் இருந்தது.

நான் கண்ணை மூடினேன். ஜெபத்துக்கென்று ஒரு பாஷை இருக்கிறதே, நீர், உம்முடைய, எம்மை என்று. அதில் ஒரு சொல்லும் வரவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "ஆண்டவரே, ஒங்ககூடப் பேசி ரொம்ப நாளாச்சு. எனக்கு ஒங்க மேல கோவம் இருக்கு. இந்த வீட்டுப் பெரியவரு மேலயும் இருக்கு. அது இன்னும் போகல. போயிருச்சுன்னு பொய் சொல்ல வரல. இந்தப் பிள்ளைக்குப் பயமா இருக்காம். ரொம்பப் பயமா இருக்காம். அவ பொழைக்கணும். எங்களுக்கு அதுதான் வேணும். நீங்க என்ன செய்வீங்கன்னு எங்களுக்குத் தெரியாது. எதுவா இருந்தாலும் அவளத் தனியா விட்டுறாதீங்க."

அதற்குமேல் எனக்குத் தெரியவில்லை. நிறுத்திவிட்டேன். ஆமென் சொல்லவும் மறந்துபோனேன்.

அப்போது சுவரோரமிருந்து ஒரு சத்தம் வந்தது. பெரட்டுக்களத்தில் மலைக்கு மலை கேட்ட குரல் அது என்று சொன்னால் நம்பமாட்டாய். "எனக்கும் பயமா இருக்கும்மா" என்றார் கண்டாக்கு ஐயா. அவளிடம் சொன்னாரா, ஆண்டவரிடம் சொன்னாரா தெரியாது. வந்து கட்டிலின் காலடியில் தரையில் உட்கார்ந்து அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். அவள் நிமிர்ந்து முன்னால் குனிந்து அவர் தலையில் கை வைத்தாள்.

நான் ஆமென் என்றேன். அந்தப் பயம் எனக்குத் தெரிந்திருந்தது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது நினைத்துக்கொண்டே வந்தேன். கடவுளுக்குத் தெரியாத எதையும் நாம் அவரிடம் சொல்லப்போவதில்லை. பிறகு எதற்குச் சொல்ல வேண்டும்? சொல்லாதவரைக்கும் நாம் ஒளிந்துகொண்டிருக்கிறோம். அந்த அப்பாவும் மகளும் ஒரே வீட்டில் விசுவாசத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தார்கள். நான் என் கோபத்துக்குப் பின்னால். நீ உன் நல்ல மனசுக்குப் பின்னால். வெளியே வந்து நின்றால் போதும் போலிருக்கிறது. நிற்கிற இடத்திலிருந்து கேட்பதை அவர் கேட்பார். தருவாரா என்பது வேறு.

கெத்செமனேயில் இயேசுவும் பயந்தார். வேர்த்துக்கொட்ட, இது எனக்கு வேண்டாம் என்று கேட்டார். கேட்டுவிட்டு, உம் விருப்பம் என்று விட்டார். எதையும் அறிவிக்கவில்லை. கேட்டது கிடைக்கவுமில்லை. அவருக்கு விசுவாசம் குறைவு என்று எந்த ஜெபக்குழு சொல்லும்?

நான் கண்டாக்கு ஐயாவை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் பத்திரிகைக்குப் பிடிக்கும். இன்னும் மன்னிக்கவில்லை. போனவாரம் மறுபடி போனேன். அவர் கொண்டுவந்து வைத்த பிளேன்டீயைக் குடித்தேன். அவ்வளவுதான் இதுவரை. அந்த ஆணி இன்னும் சுவரில்தான் இருக்கிறது. தினமும் ஆண்டவரிடம் அதைக் காட்டுகிறேன். காட்டுவதும் ஜெபத்தில் சேருமா? நீ அங்கே இருக்கிறாய், விசாரித்துச் சொல்.

உன்னிடம் கேட்காமல் விட்ட ஒன்றும் இருக்கிறது. அவர்கள் எல்லோரும் இறங்கிப்போய், நானும் பஸ்ஸுக்குப் போனபிறகு, அந்தக் காம்பராவில் தனியாகப் படுத்துக்கொண்டு நீ ஆண்டவரிடம் என்ன சொன்னாய் அக்கா? யார் காதிலும் விழாமல் சொல்ல உனக்கு இடம் கிடைத்ததா? பயமாக இருக்கிறது என்று ஒருமுறையாவது சொன்னாயா?

இன்றைக்கும் எங்கேயோ ஒரு லயத்தில் யாரோ ஒருத்தியைச் சுற்றி நின்று சுகமாயிற்று என்கிறார்கள். அவள் போர்வையைப் பிடித்துக்கொண்டு ஆமென் என்கிறாள். அவள் பக்கத்தில் நிற்கிறவர்கள் இதை வாசிக்க வேண்டும். ஜெபியுங்கள், கேளுங்கள், அழுங்கள். மறுநாள் அவளோடு கிளினிக் பஸ்ஸில் ஏறுங்கள். அதற்காகத்தான் எழுதினேன். எழுதட்டுமா என்று அப்பா, மகள் இருவரிடமும் கேட்டேன். கண்டாக்கு ஐயா தலையை அசைத்தார். அவள், "எழுதுங்க சேர். நான் பயந்தேன்னும் எழுதுங்க" என்றாள்.

திங்கட்கிழமை அவளுக்கு ஆப்பரேஷன். பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டேன். உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன்: கதவு திறக்கும்வரை அந்தக் கிழவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். வெளியே என்ன செய்தி வந்தாலும் எழுந்து போகமாட்டேன். நடக்காததை நடந்தது என்று சொல்லமாட்டேன். கேட்பதை நிறுத்தவும் மாட்டேன்.

இதன் கீழே என் பெயரை எழுதித்தான் இருந்தேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டுக் கடைசிப் பக்கத்தைத் திரும்ப எழுதினேன். பெயர் இருந்தால், அவள் பிழைத்தால் மாஸ்டரின் ஜெபம் கேட்கப்பட்டது என்று என்னை ஆலயத்தில் எழுப்பி நிறுத்துவார்கள். பிழைக்காவிட்டால், விசுவாசமில்லாத ஒருவன் அந்த வீட்டுக்குப் போய் வந்தான் என்பார்கள். இரண்டுக்கும் நான் ஆளில்லை. அவளும் இல்லை. நம் ஆட்கள் ஊகித்துவிடுவார்கள், ஊகிக்கட்டும். ஊகத்தைப் பிடித்து யாரையும் சாட்சி சொல்ல நிறுத்த முடியாது. திங்கட்கிழமை கண்டியில் இறங்கியதும், ஆஸ்பத்திரிக்குள் போவதற்கு முன்பே, அவளுக்கு என்ன ஆகும் என்று தெரியாத நேரத்திலேயே, இதைப் பெயரில்லாமல் தபாலில் போட்டுவிடுகிறேன்.

உன் தம்பி